எஸ்டோனியா, 1987–1991: பாடகர் குழுக்கள் பழக்கிய எழுச்சி

எஸ்டோனியா சோவியத் ஆட்சியிலிருந்து விடுபட்ட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1988 ஜூன் மாதத்து இரவுகளிலிருந்தே தொடங்குகின்றனர். தாலின் நகரின் பாடல் விழாத் திடலில் மக்கள் விடிய விடியப் பாடிய அந்த நாட்களில்தான் ஓவியர் ஹெய்ன்ஸ் வால்க் ‘பாடும் புரட்சி’ என்ற பெயரைச் சூட்டினார். ஆனால் லட்சக்கணக்கானோர் கூடியும் கட்டுக்குலையாத ஒழுங்கு ஒரே கோடையில் வாய்த்துவிடாது. அதன் வேரை 1869இல் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த ஆண்டு தார்த்து நகரில் முதல் பாடல் விழா நடந்தது. லிவோனியாவில் பண்ணையடிமை முறை ஒழிந்த ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, இதழாளர் யோகான் வோல்டெமார் யான்சென் அதை முன்னின்று நடத்தினார். நிலம் பால்டிக் ஜெர்மானியப் பிரபுக்களிடமும் ஆட்சி ரஷ்யப் பேரரசிடமும் இருந்த காலம் அது. குடியானவர்களின் மொழி அங்கே பொதுமேடை ஏறியது. பாடல்களைவிட, அவற்றைப் பாடுவதற்காக உருவான ஏற்பாடே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊர்களில் குழுக்கள் அமைந்தன. மாதக்கணக்கில் ஒத்திகை நடந்தது. குறித்த நாளில் எல்லாரும் ஓரிடத்தில் திரண்டனர். அரசியல் கட்சிக்கு இடமில்லாத நாட்டில், மக்கள் தாமே கூடிக் கலையப் பழகியது இப்படித்தான்.

1940இல், அப்போது சுதந்திரக் குடியரசாக இருந்த நாட்டைக் கைப்பற்றிய சோவியத் அரசு இந்த விழாவை ஒழிக்கவில்லை, தனதாக்கிக்கொள்ள முயன்றது. 1947இல் விழா மீண்டும் நடந்தது. பின்னர் ஸ்டாலின் புகழ்பாடும் பாடல்கள் நிரலை நிறைத்தன. 1949 மார்ச்சில் குழந்தைகளும் முதியவர்களும் உட்பட சுமார் 20,000 பேர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். மறு ஆண்டு துவுதூர் வெத்திக், ரிகோ பெத்ஸ், ஆல்பிரட் கரிந்தி ஆகிய மூன்று இசை நடத்துநர்கள் சிறைப்பட்டனர். லிதியா கொய்துலாவின் கவிதைக்குக் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் 1944இல் அமைத்த தாய்நாட்டுப் பாடல் நிரலிலிருந்து நீக்கப்பட்டது. 1960 விழாவில் அதைப் பாடகர்களும் கூட்டத்தினரும் தாமாகவே பாடினர். வடிவத்தை விட்டுவைத்து உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்று ஆட்சியாளர்கள் போட்ட கணக்கு அன்றே பொய்த்தது.

கோர்பச்சேவ் காலத்தில் நிகழ்வுகள் வேகம் பெற்றன. 1987இல் பாஸ்போரைட் சுரங்கத் திட்டத்துக்கு எதிர்ப்பு மூண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று தாலினின் ஹிர்வே பூங்காவில் கூடியவர்கள், ஸ்டாலினும் ஹிட்லரும் 1939இல் செய்த ரகசிய உடன்பாட்டை வெளியிடக் கோரினர். 1988இல் மக்கள் முன்னணி உருவானது. நவம்பர் 16 அன்று எஸ்டோனியாவின் சட்டமன்றமான உச்ச சோவியத்தே இறைமைப் பிரகடனம் செய்தது. 1989 ஆகஸ்ட் 23 அன்று தாலின், ரிகா, வில்னியஸ் நகரங்களை இணைத்து 600 கிலோமீட்டருக்கும் மேலாகச் சுமார் 20 லட்சம் பேர் கைகோத்து நின்றனர். 1939 உடன்பாட்டின் ரகசிய நெறிமுறைகளை மறுத்துவந்த மாஸ்கோ, அந்த டிசம்பரில் அவற்றை ஒப்புக்கொண்டு கண்டித்தது. உணர்ச்சி மக்களைத் திரட்டியது உண்மை. சோவியத் இணைப்பே செல்லாது என்ற சட்ட வாதம்தான் அவர்களுக்குத் திசை காட்டியது.

பழகிய ஒழுங்கு மெய்யாகச் சோதிக்கப்பட்ட நாள் 1990 மே 15. விடுதலையை எதிர்த்த இன்டர்பிரண்ட் அமைப்பின் ஆதரவாளர்கள் தாலினில் அரசின் இருப்பிடமான தூம்பேயாக் கோட்டையின் வாயிலைத் தகர்த்து முற்றத்துக்குள் புகுந்தனர். கோட்டை தாக்கப்படுவதாகப் பிரதமர் எட்கர் சவிசார் வானொலியில் அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் விரைந்து வந்து, உள்ளே இருந்தவர்களைச் சூழ்ந்துகொண்டனர். வஞ்சம் தீர்க்க அதைவிட வாய்ப்பான தருணம் கிடைத்திருக்காது. கூட்டமோ நடுவே வழிவிட்டு விலகி நின்றது; புகுந்தவர்கள் அந்த வழியே நடந்து வெளியேறினர். இந்த எழுச்சியின் உச்சம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இந்த வெற்றிக்கு ஒழுங்கு மட்டுமே காரணம் என்றால் லிதுவேனியாவுக்கு அநீதி செய்வதாகும். 1991 ஜனவரியில் வில்னியஸ் மக்களும் ஆயுதமின்றித்தான் நின்றனர். ஆனாலும் பீரங்கி வண்டிகள் அவர்கள்மீது பாய்ந்தன. எஸ்டோனியாவுக்கு மாஸ்கோவின் தடுமாற்றம் கைகொடுத்தது. ஆகஸ்டில் அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, 20ஆம் தேதி இரவு தாலின் நாடாளுமன்றம் விடுதலையை மீட்டதாக அறிவித்தது. செப்டம்பர் 6 அன்று சோவியத் ஒன்றியம் அதை ஏற்றது.

எழுச்சியை வழிநடத்திய அதே சட்ட வாதம் பின்னர் ஒரு பெரும் பிளவையும் உண்டாக்கியது. 1940க்கு முந்தைய குடியரசின் தொடர்ச்சியே புதிய அரசு என்பதால், 1992இல் அக்குடியரசின் குடிமக்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே குடியுரிமை தானாகக் கிடைத்தது. சோவியத் காலத்தில் குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளுமாக மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசுவோர், குடியுரிமையின்றி நின்றனர்.