பட்டா இல்லாத எழுத்து

1999ஆம் வருசம் இரண்டு காரியங்கள் நடந்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, 1914இல் சாகும்வரை நடத்திய இதழின் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு தொகுதிகளாக வந்தன. அதே வருசம் பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடி, கணிப்பொறிக்குள் எந்தத் தமிழ் எழுத்து எந்த எண்ணில் உட்கார வேண்டும் என்று விவாதித்தது. முதல் காரியத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவது நம்ம சமாச்சாரம் இல்லை என்று விட்டுவிட்டோம். விட்டது தப்பு.

தொண்ணூறு வருசத்துக் காகிதத்தை வாசிக்க முடிந்தது. மூன்று வருசத்து ஃப்ளாப்பியை வாசிக்க முடியவில்லை. எங்களுக்கே நடந்தது இது.

1996இல் ஒரு பெரியம்மா பேசியதை டேப்பில் பிடித்து, ராத்திரி ராத்திரியாகக் கேட்டு எழுதினோம். நடவுக்குப் போனது, களத்துமேட்டில் கூலி அளந்தது, ஒரு வருசம் கூலி கூட்டிக் கேட்டதற்காகச் சேரிக்குள்ளேயே புகுந்து அடித்தது. பதினாலு பக்கம். இதழில் இடம் இருந்ததோ ஒன்பது பக்கத்துக்கு. மீதி ஐந்தை அடுத்த இதழுக்கு என்று நிறுத்தினோம். கேசட்டில் வேறொரு கூட்டத்துப் பேச்சைப் பதிந்தாச்சு. புதுக் கேசட்டுக்குக் காசு ஏது? கையெழுத்துப் படி டி.டி.பி. சென்டரில் கிடந்தது, சென்டர் கடையை மாற்றியபோது அதுவும் போச்சு. ஃப்ளாப்பி இருக்கே என்ற தைரியம்தான்.

அடுத்த இதழை வேறு இடத்தில் ஒளியச்சுக்குக் கொடுத்தோம். முதல் இடத்தில் விண்டோஸ் இயந்திரம், இங்கே மெக்கின்டாஷ். ஃப்ளாப்பியை மெக் வாங்கிக்கொண்டது. (மெக்கில் எழுதிய ஃப்ளாப்பியை விண்டோஸில் போட்டால்தான் வம்பு. 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். ஆமாம் என்று அமுக்கி எல்லாவற்றையும் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர்.) வேர்ட் கோப்பும் திறந்தது. திரையில்தான் தமிழ் இல்லை. ஏதோ பிரெஞ்சு எழுத்து, காசுக்குறி, கோடு.

"ஃபான்ட் இல்லண்ணே. இருந்தாலும் வராது" என்றார் ஆபரேட்டர் தம்பி.

ஏன் வராது? இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று. கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அன்றைய ஏற்பாட்டில் மொத்தம் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கு. 1963இல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி அது. அதில் எல்லா இயந்திரமும் ஒத்துப்போகும். பின்பாதி 128இல் மற்ற ஐரோப்பிய எழுத்துகளை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அடுக்கியது. பிரெஞ்சில் தலைமேல் சாய்கோடு போட்ட 'ஈ' விண்டோஸில் 233, மெக்கில் 142. கோப்பு இயந்திரம் மாறும்போது வேர்ட் இந்த எண்களை மாற்றிக் கொடுத்துவிடும். பிரெஞ்சுக்காரருக்குச் சிக்கல் இல்லை.

தமிழுக்கு அந்த 256இல் இடமே கிடையாது. 1991இல் வந்த யூனிகோடில் இடம் கொடுத்தார்கள். ஆனால் விண்டோஸில் அது புழக்கத்துக்கு வர விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை என்ன செய்தார்கள்? அடுத்தவன் பட்டா நிலத்தில் குடிசை போட்ட மாதிரி, ஆங்கில எழுத்தின் எண்ணிலும் பிரெஞ்சு எழுத்தின் எண்ணிலும் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். ஃபான்ட்டுக்கு ஃபான்ட் வேறுவேறு எண்ணில். ஈழத்தமிழர் அதிகம் புழங்கிய பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். ஃபான்ட்டைக் கழற்றினால் அம்மா இல்லை.

பின்பாதியில் குடியேறிய ஃபான்ட்டுகளின் கதி இன்னும் மோசம். எங்களுடையது அந்த ரகம். வேர்ட் அதை ஐரோப்பிய எழுத்து என்று நம்பி மெக்கின் எண்ணுக்கு மாற்றிவிட்டது. விண்டோஸில் இருந்து மெக்கில் இல்லாதவை சில உண்டு. அரை, கால், முக்கால் என்ற பின்னக் குறிகள், பெருக்கல் குறி, ஐஸ்லாந்துக்காரர் எழுத்துகள் சில. அந்த எண்களில் குடியிருந்த தமிழ் எழுத்துகள் எல்லாம் ஒரே கோடாகிவிட்டன. அப்படியே சேமித்துவிட்டால் பிறகு எந்தக் கோடு எந்த எழுத்து என்று பிரிக்க முடியாது. நாங்கள் அதே ஃப்ளாப்பியில், அதே பெயரில் சேமித்தோம்.

இதற்காகப் பாடுபட்டவர்கள் உண்டு, மறைக்கக்கூடாது. சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை ஃபான்ட்டை மெக்குக்கும் விண்டோஸுக்கும் செய்து இலவசமாகவே கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைச் செய்தார். பல நாட்டுத் தமிழர்கள் கூடி திஸ்கி என்ற பொது எண்வரிசையை வகுத்தார்கள். தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்று இரண்டை அறிவித்தது. ஒரு மொழிக்கு மூன்று பொதுவழி! அரசு யூனிகோடுக்கு வர 2010 ஆயிற்று. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தொண்டர்கள் ஏற்றிய நூல்களை எண்வரிசை மாற மாறத் திரும்ப மாற்றினார்கள். சங்க இலக்கியத்துக்கும் பக்தி இலக்கியத்துக்கும் அந்த ஆள்பலம் கிடைத்தது. நல்லதுதான். நாலு இதழோடு நின்றுபோன நம் பத்திரிகைகளின் ஃப்ளாப்பிகளை யார் மாற்றினார்கள்? காகிதத்தில் ஏறியது பிழைத்தது. இடமில்லை என்று வெட்டியது, அடுத்த இதழுக்கு என்று ஒதுக்கியது, அச்சேறாத வாக்குமூலம் எல்லாம் டப்பாவுக்குள் பூசணம் பிடித்தது.

2012இல் கணிப்பொறி படித்த நம் பிள்ளை ஒருவர் அந்த ஐந்து பக்கத்தைக் கையிலெடுத்தார். பழைய ஃபான்ட்டில் 'கொ' மூன்று துண்டு: கொம்பு, க, கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடில் க முன்னால், ஒகரக் குறி பின்னால். இதையெல்லாம் திருப்பிப் போட ஒரு நிரல் எழுதி, முக்கால்வாசியை மீட்டார். கோடு விழுந்த இடங்களை நாங்கள் உட்கார்ந்து ஊகித்தோம். 'ந_வு' என்றால் நடவு. 'கூ_' என்றால் கூலி. பெரியம்மாவின் பேச்சு தெரிந்ததால் பெரும்பாலும் சிரமமில்லை.

ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் ஊகத்துக்கு அடங்கவில்லை. பெரியம்மா 2003இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு அடிக்க வந்தவர்களில் மூன்று பேரை அவர் பெயர் சொல்லியிருந்தார். இரண்டு பெயர் தெளிவாக இருக்கிறது. மூன்றாவது பெயரில் முதலில் ஒரு கோடு, அப்புறம் க, திரும்ப ஒரு கோடு, கடைசியில் ன்.