உயிர் காக்கும் சன்னல்: ஒரு வரலாற்றுப் பார்வை



சன்னல் எதற்கு என்று மாணவர்களைக் கேட்டால் காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் என்பார்கள். விடை சரியே, ஆயினும் முழுமையானதன்று. ஆபத்து வேளையில் உயிர் தப்பும் வழியாகவும் சன்னல் பயன்பட வேண்டும். இந்த மூன்றாவது பயன் பல உயிர்களை இழந்த பின்னரே சட்டமாக எழுதப்பட்டது. அவ்வரலாறு நம் வீட்டு அறைகளோடும் தொடர்புடையது.

பூட்டிய கதவு

1911 மார்ச் 25ஆம் நாள், நியூயார்க்கில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று தளங்களில் இயங்கிய டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. ஒன்பதாம் தளத்தில் படிக்கட்டுக்குச் செல்லும் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு, தப்பி ஓடியவர்களின் சுமை தாங்காமல் சரிந்தது. 146 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குடியேறிகளான இளம்பெண்கள்.

அதன் பின்னர், 1913இல் அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் உயிர்ப் பாதுகாப்புக்கெனத் தனிக் குழுவை அமைத்தது. அக்குழுவின் உழைப்பால் 1927இல் கட்டட வெளியேறு வழிகளுக்கான நெறிமுறை வெளிவந்தது.

சோதனையில் தேறிய பள்ளி

நெறிமுறை எழுதப்பட்டதும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 1958 டிசம்பர் 1ஆம் நாள், சிக்காகோவின் 'அவர் லேடி ஆப் தி ஏஞ்சல்ஸ்' தொடக்கப் பள்ளியில், வகுப்பு முடியும் வேளையில் நிலவறைப் படிக்கட்டின் அடியில் தீ மூண்டது. தரைத்தளத்தில் படிக்கட்டை மறித்து ஒரு கதவு இருந்தது. அது புகையையும் தீயையும் தடுத்தது. மேல்தளத்தில் அத்தகைய கதவு இல்லை. புகை நடைவழியை நிறைத்தது. வகுப்பறையை விட்டு வெளியேற எஞ்சிய வழி சன்னல் மட்டுமே. அது தரையிலிருந்து ஏறத்தாழ 25 அடி உயரத்தில் இருந்தது. உள்ளேயும் சன்னலின் அடிவிளிம்பு சிறு பிள்ளைகள் எளிதில் ஏற முடியாத உயரத்தில் இருந்தது. 92 மாணவர்களும் ஆசிரியைகளான 3 கன்னியர்களும் உயிரிழந்தனர்.

அப்பள்ளி சில வாரங்களுக்கு முன்புதான் தீப் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருந்தது என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. சிக்காகோவின் 1949ஆம் ஆண்டுக் கடுமையான விதிகள் புதிய கட்டடங்களுக்கே பொருந்தின. பழைய கட்டடத்திற்கு விலக்கு இருந்தது. சட்டப்படி அதில் குறையில்லை. பிள்ளைகள் தப்பத்தான் வழியில்லை.

அளவுகள் சொல்வது என்ன?

பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் எழுந்த இவ்வுணர்வு வீடுகளுக்கும் பரவியது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முதலாக வெளிவந்த அனைத்துலகக் குடியிருப்பு நெறிமுறை, ஒவ்வொரு படுக்கையறைக்கும், மக்கள் புழங்கும் நிலவறைக்கும் தப்பும் வழி ஒன்று வேண்டும் என்றது. அது பெரும்பாலும் சன்னலாகவே அமைகிறது.

அந்தச் சன்னலைத் திறந்தால் கிடைக்கும் இடைவெளி குறைந்தது 51 செ.மீ. அகலமும் 61 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். பரப்பளவு ஏறத்தாழ 5,300 சதுர செ.மீ. வேண்டும். 51ஐ 61ஆல் பெருக்கினால் 3,111தான் வரும். ஆகவே, அகலம் 51 செ.மீ. என்றால் உயரம் 104 செ.மீ. தேவை. மூச்சுக் கருவி அணிந்த தீயணைப்பு வீரரும் உள்ளே நுழைய வேண்டும் என்பதே இப்பரப்பளவுக்குக் காரணம். சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 112 செ.மீ.க்கு மேற்படலாகாது.

அங்கு நிலவறையைப் படுக்கையறையாக்க விரும்புவோர் குத்தகையாளரை அமர்த்தி அடித்தளச் சுவரை வெட்டுகின்றனர். உள்ளூராட்சி அனுமதி, வெட்டிய இடத்தின் மேல் சுமை தாங்கும் உத்தரம், சன்னலுக்கு வெளியே தோண்டும் குழி, அதில் மழைநீர் தேங்காமல் வடிய வழி, குழியின் ஆழம் 112 செ.மீ.க்கு மேற்பட்டால் நிலையான ஏணி ஆகிய அனைத்தும் வேலையில் அடங்கும். தோண்டுமுன் 811 என்னும் எண்ணை அழைத்து, மண்ணுக்கடியில் செல்லும் குழாய்களையும் கம்பிகளையும் அறிந்துகொள்வர். விலை மட்டும் கேட்டு இவ்வேலையை ஒப்படைப்பது அறிவுடைமையாகாது.

நம் வீட்டுக் கம்பிகள்

மலேசிய வீடுகளில் நிலவறை அரிது. நம் சிக்கல் வேறு. திருட்டுக்கு அஞ்சிச் சன்னல்தோறும் இரும்புக் கிரில் பொருத்துகிறோம். அச்சம் நியாயமானதே. ஆனால், திருடனை உள்ளே விடாத கம்பி பிள்ளையை வெளியேயும் விடாது. 2017 செப்டம்பர் 14ஆம் நாள், கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளியில் தீப்பற்றி 23 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் மாணவர்கள். வாயில் வழியைத் தீ மறித்தது. சன்னல்களில் கம்பிகள் இருந்தன.

மேற்கூறிய அமெரிக்க நெறிமுறை கிரிலைத் தடை செய்யவில்லை. சாவியோ கருவியோ இன்றி உள்ளிருந்து திறக்குமாறு அது அமைய வேண்டும் என்றே சொல்கிறது. நாமும் கிரில் பொருத்துபவரை அழைக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்கலாம்:

1. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கிரிலேனும் உள்ளிருந்து திறக்குமா?
2. திறந்தால் கிடைக்கும் இடைவெளியின் அளவு என்ன?
3. இருளிலும் நம் வீட்டுச் சிறு பிள்ளையால் அதனைத் திறக்க முடியுமா?

மேல்மாடி அறையாயின், சன்னலுக்கு வெளியே கால் வைக்க இடம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. பரப்பளவுப் பாடம் நடத்தும்போது, மாணவர்கள் தத்தம் படுக்கையறைச் சன்னலைப் பெற்றோர் துணையுடன் அளந்து வரட்டும். திறக்கும் இடைவெளியை மட்டுமே அளக்க வேண்டும், கண்ணாடியை அன்று. விடை 5,300க்குக் குறைந்தாலோ, கிரில் திறக்கவில்லை என்று பிள்ளை சொன்னாலோ, அன்று மாலையே வீட்டில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடலாம்.