கைகொடுத்தலும் கைகழுவுதலும்

காரைக்காலுக்கு வடக்கே, கடலோரமாக, மண்டபத்தூர் என்னும் ஊர் இருக்கிறது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே காவிரிப் படுகையின் வயல்கள். இன்னும் வடக்கே சென்று நண்டலாற்றைக் கடந்தால் பொறையார். அதற்கும் அப்பால் தரங்கம்பாடி. ஒரு காலைப் பொழுதில் கால்நடையாகவே கடந்துவிடக்கூடிய இச்சிறு தொலைவுக்குள் மூன்று ஐரோப்பிய அரசுகள் ஆட்சி செய்தன. தரங்கம்பாடியில் 1620-ஆம் ஆண்டிலேயே டேனியர் கோட்டை கட்டத் தொடங்கினர். 1845-இல் அவ்வூர் விலைக்கு விற்கப்பட்டு ஆங்கிலேயரிடம் சென்றது. மண்டபத்தூர் அடங்கிய காரைக்கால் பகுதியோ 1739-இல் பிரெஞ்சுக்காரரிடம் வந்து, இடையிடையே போர்களில் கைமாறி, 1954 நவம்பர் முதல் நாள் வரையில் அவர்களிடமே இருந்தது. சட்டப்படியான உரிமை மாற்றம் 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறியது.

ஆகவே, ஆற்றுக்கு வடகரையில் இருந்த பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் படித்தார்கள்; தென்கரையில் இருந்த பிள்ளைகள் பிரெஞ்சு படித்தார்கள். வீட்டில் இரு சாராரும் பேசியது தமிழ். பிறமொழி கற்கும் எவரும் முதலில் சொற்களைக் கற்கிறார். பிறகு இலக்கணத்தைக் கற்கிறார். மூன்றாவதாக ஒரு வேலி குறுக்கே நிற்கிறது. அதுவே மரபுத்தொடர். தொடரிலுள்ள ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருக்கும். தொடரின் பொருள் மட்டும் தெரியாது. அந்த வேலியைத் தாண்டும் வழி எது என்பதைப் பற்றி இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். எடுத்துக்காட்டாகப் பொறுப்பு, உதவி என்னும் இரண்டைப் பற்றிய தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சமுதாயம் எவ்வாறு வாழ்கிறது என்பதை இவ்விரண்டு சொற்களும் காட்டிக்கொடுத்துவிடும் அன்றோ?

முதலில் உதவியைப் பார்ப்போம். உதவி செய் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘லெண்ட் எ ஹேண்ட்’ என்கிறார்கள். ஒரு கையைக் கடனாகக் கொடு என்பது சொல்லுக்குச் சொல்லான பொருள். பிரெஞ்சு மொழியிலோ ‘கையின் ஒரு வீச்சைக் கொடு’ என்பதுபோல் அமைந்த தொடர் வழங்குகிறது. நாம் ‘கைகொடு’ என்கிறோம். மூன்று மொழிகளும் ஒரே உறுப்பைத்தான் நினைக்கின்றன. ஆயினும் ஒன்று கடன் என்கிறது, ஒன்று வீச்சு என்கிறது, நம்முடையது கொடை என்கிறது. இவற்றை ஒன்றுக்கொன்று நேராக வைத்துப் பார்க்கும் மாணவனுக்கு அத்தொடர் பிறகு மறப்பதே இல்லை.

‘புல் ஒன்ஸ் வெயிட்’ என்பது மற்றொன்று. தன் எடையைத் தானே இழுத்தல் என்பது இதன் சொற்பொருள். தன் பங்கு வேலையைக் குறையாமல் செய்தல் என்பது கருத்து. இது படகு வலிப்போரிடம் பிறந்தது. துடுப்புப் பிடிப்பவன் ஒவ்வொருவனும் தன் உடலின் சுமையை ஈடுசெய்யும் அளவுக்கேனும் வலிக்க வேண்டும். இல்லையேல் அவனைப் பிறர் சுமந்து செல்வதாகிவிடும். கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு இதனை விளக்க அகராதி வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும்போது கயிற்றைப் பிடித்தவர்களில் ஒருவன் வெறுமனே கையை வைத்துக்கொண்டு நின்றால், அவனுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இனி, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தொடர்களுக்கு வருவோம். எல்லா மொழிகளிலும் இவற்றுக்குப் பஞ்சமில்லை. ஒரு காரியத்திலிருந்து முற்றும் விலகிக்கொள்வதை ஆங்கிலத்தில் கைகழுவுதல் என்றே சொல்கிறார்கள். விவிலியத்தில் பிலாத்து என்னும் ஆளுநன், குற்றமற்றவர் என்று தானே கருதிய ஒருவரைச் சாவுக்கு ஒப்படைக்கும்போது கூட்டத்தின் முன் நீரில் கையைக் கழுவிக்கொள்கிறான். அக்காட்சியே அத்தொடருக்குத் தாய். ‘நான் என் சகோதரனுக்குக் காவலாளியோ?’ என்னும் பொருளில் வழங்கும் தொடரும், தம்பியைக் கொன்றபின் காயீன் இறைவனிடம் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனை இருவர் கடந்து செல்ல, அயலான் ஒருவன் மட்டும் நின்று காயம் கட்டிய கதையிலிருந்து ‘நல்ல சமாரியன்’ என்னும் வழக்குப் பிறந்தது.

இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இக்காட்சிகள் நம் ஊர்ப்பக்கத்துக்கு ஆங்கிலத்தின் வழியாக வரவில்லை. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்றார். லண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தார் ஓர் அச்சுப்பொறியை அனுப்பி உதவினர். தமிழ் எழுத்துகள் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாடு நேரவே, பொறையாரில் காகிதப் பட்டறை ஒன்றும் அமைந்தது. கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் அதனை இன்றும் நினைவூட்டுகிறது. ஆக, பிலாத்து கைகழுவிய கதையும், சமாரியன் காயம் கட்டிய கதையும், ஆங்கில ஆட்சி தரங்கம்பாடிக்கு நிலையாக வருவதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே, மண்டபத்தூருக்குக் கூப்பிடு தூரத்தில் தமிழ் எழுத்தில் ஏறிவிட்டன. ஆங்கிலத் தொடர் பின்னால் வந்தது. அதன் உட்பொருள் முன்னாலேயே வந்திருந்தது.

கண்டும் காணாமல் இருத்தலை ஆங்கிலத்தில் ‘குருட்டுக் கண்ணைத் திருப்புதல்’ என்பார்கள். இத்தொடரை விளக்கும் கதைக்கும் தரங்கம்பாடிக்கும் ஓர் உறவு உண்டு. 1801 ஏப்ரல் 2-இல் ஆங்கிலக் கடற்படை டென்மார்க்கின் தலைநகரமான கோபன்ஹேகனைத் தாக்கியது. போரை நிறுத்தலாம் என்று தலைமைத் தளபதி கொடியசைத்து அறிவித்தபோது, துணைத் தளபதி நெல்சன் தம் பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்து, தமக்கு அவ்வறிவிப்புத் தெரியவில்லை என்று சொல்லிப் போரைத் தொடர்ந்தாராம். அதே ஆண்டில்தான், அதே பகையின் விளைவாக, டேனியரின் தரங்கம்பாடியை ஆங்கிலேயர் கைப்பற்றினர். பிறகு திருப்பித் தந்தனர். 1808-இல் மீண்டும் பிடித்து 1815 வரை வைத்துக்கொண்டனர். நெல்சன் கதையில் அது வீரமாகப் பேசப்பட்டது. இன்றோ, தன் கடமையைச் செய்யாமல் முறைகேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரியைக் கண்டிக்கவே அத்தொடர் பயன்படுகிறது. தொடர்களும் மனிதரைப்போலவே வயது ஏறும்போது குணம் மாறுகின்றன.

பிறர்மீது பழியையோ வேலையையோ சுமத்துவதை நாம் ‘தலையில் கட்டுதல்’ என்கிறோம். ஆங்கிலத்தார் ‘பாஸ் தி பக்’ என்கிறார்கள். அமெரிக்கச் சீட்டாட்டத்தில், சீட்டைப் பகிரும் முறை யாருடையது என்பதைக் காட்ட ஓர் அடையாளப் பொருளை வைப்பார்கள். அதற்குப் ‘பக்’ என்று பெயர். அந்த முறையை விரும்பாதவன் அதனை அடுத்தவனிடம் நகர்த்திவிடலாம். 1945 முதல் 1953 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஹாரி ட்ரூமன், அப்பொருள் இனி எங்கும் நகராது, தம்மிடமே நின்றுவிடும் என்னும் கருத்துடைய வாசகத்தைத் தம் மேசைமேல் வைத்திருந்தார். இன்னொரு தொடர் ‘ஸ்கேப்கோட்’. இச்சொல்லை 1530-இல் விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த டிண்டேல் என்பவர் ஆக்கினார். நாம் இதனைப் பலிகடா என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் பலிகடா வெட்டப்படுவது. அந்த ஆடோ ஊராரின் பாவமெல்லாம் தன்மேல் ஏற்றப்பட்டு உயிரோடு பாலைக்கு ஓட்டப்படுவது. பிறர் குற்றத்தைச் சுமப்பவன் என்பதே அங்கே முதன்மையான கருத்து.

இத்தனை தொடர்களுக்கும் அடியில் இருக்கும் சொல்லைத் தோண்டிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பொறுப்பு என்பதற்கு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வழங்கும் சொல், ‘மறுமொழி கூறு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. பொறுப்புடையவன் என்றால், கேட்டால் விடை சொல்ல வேண்டியவன். தமிழிலோ பொறுப்பு என்பது ‘பொறு’ என்னும் வேரிலிருந்து வருகிறது. பொறுத்தல் என்றால் தாங்குதல். பொறை என்றால் சுமையும் ஆகும், பொறுமையும் ஆகும். அவர்கள் சொல்லில் பொறுப்பாளன் விடையளிப்பவன். நம் சொல்லில் அவன் சுமப்பவன். ஆங்கிலேயர்க்குச் சுமை தெரியாது என்றோ, தமிழர்க்கு மறுமொழி தெரியாது என்றோ நான் சொல்லவில்லை. பொறுப்பைத் தோளில் ஏற்றல் என்னும் தொடர் அவர்களிடமும் உண்டு. ‘ஊருக்கு யார் பதில் சொல்வது?’ என்னும் பேச்சு நம்மிடமும் உண்டு. எனினும் வேர்கள் இரண்டும் இரு வேறு திசைகளைக் காட்டுகின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் பொறுப்பு முழுமையாகும்.

இவ்விரண்டும் பிரிந்து நின்றால் என்ன ஆகும் என்பதைக் காரைக்கால் துறைமுகமே கண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அடிமை முறை ஒழிந்தபின், ரெயூனியன், மர்தினிக், குவாதலூப் முதலிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். ஆங்கிலேயர் ஆண்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டுக் காரைக்காலிலும் கப்பல் ஏறினார்கள். 1861 ஜூலை முதல் நாள் இரு பேரரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கப்பல் ஏறும் துறைகளில் ஆங்கில அரசின் முகவர் ஒருவர் இருப்பார். ஒவ்வொருவரும் மனமுவந்து செல்கிறார்களா, ஒப்பந்தத்தை உணர்ந்தார்களா என்று பார்ப்பார். ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டுக்கு மிகாது. அதன்பின் ஊர் திரும்பக் கப்பல் வசதி உண்டு. தாளில் இவ்வளவும் இருந்தது. கேட்டால் காட்டுவதற்கு இரு அரசுகளிடமும் விடை இருந்தது. சுமந்தவர்களோ, அத்தாளிலிருந்த மொழியை அறியாத உழவர்கள். தீவுகளில் அவர்கள் நடத்தப்பட்ட முறை பற்றிய குறைகள் பெருகவே, ஆங்கில இந்திய அரசு ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை 1882-இலும், மர்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு அனுப்புவதை 1888-இலும் நிறுத்தியது. அதற்குள் சென்றவர்களில் மிகப் பலர் திரும்பவே இல்லை. விடை ஓரிடத்தில், சுமை வேறோரிடத்தில் என்று பிரிந்ததன் விளைவு அது. பிறமொழித் தொடரின் பொருளை அறிவது வெறும் தேர்வுக்காக அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மறுபுறம், ஒரு மரபுத்தொடர் சட்டமாகவே மாறி உயிர் காத்ததையும் நம் காலத்தில் கண்டோம். சாலையில் விபத்து நேர்ந்தால், அடிபட்டவரைத் தூக்கப் பலர் அஞ்சினார்கள். காவல் நிலையம், நீதிமன்றம், சாட்சி என்று அலைய நேருமே என்பது அச்சம். சமாரியன் கதையில் கடந்து சென்றவர்களைப் போலவே நல்லவர்களும் கடந்து சென்றார்கள். உதவி செய்பவரைத் துன்புறுத்தலாகாது என்னும் விதிமுறைகளுக்கு 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை தந்தது. பின்னர் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, நல்லெண்ணத்தோடு தாமாக முன்வந்து உதவுகிறவருக்குப் பாதுகாப்பளிக்கும் 134-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அப்பிரிவில் அவருக்கு வழங்கப்பட்ட பெயர் ‘நல்ல சமாரியன்’ என்பதே. கைகொடுத்தவனை விடை சொல்லும்படி வாட்டாதே என்பதுதான் அச்சட்டத்தின் சாரம்.

அப்படியானால் இத்தொடர்களைக் கற்கும் முறை யாது? நம் மொழியைக் கற்க வந்த மேனாட்டாரே அதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். பெர்சிவல் பாதிரியார் 1842-இல் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில விளக்கத்தோடு வெளியிட்டார். 1874-இல் வந்த பதிப்பில் அவை ஆறாயிரத்தைக் கடந்தன. டேனியப் பாதிரியாரான ஹெர்மன் ஜென்சன் 1897-இல் வெளியிட்ட நூலில் 3,644 பழமொழிகளை அகரவரிசையில் அடுக்காமல் கருத்து வாரியாக வகுத்தார். அம்முறையே நமக்கும் ஏற்றது. ஆங்கிலத் தொடர்களைப் பட்டியலாக நெட்டுருச் செய்வதில் பயனில்லை. ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய தமிழ்த் தொடரை முதலில் எழுதுங்கள். அதனருகே ஆங்கிலத் தொடரை எழுதுங்கள். இரண்டும் எங்கே ஒக்கின்றன, எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். விலகும் இடத்தில் அதன் கதையைக் கேட்டறியுங்கள். கையைக் கடன் கொடுப்பதும், கையைக் கழுவுவதும், குருட்டுக் கண்ணைத் திருப்புவதும் பிறகு உங்கள் சொத்தாகிவிடும்.

இறுதியாக ஒரு காட்சி. தமிழ்நாட்டின் பழைய சாலைகளில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி வைத்திருப்பார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டுவது வழக்கம். தலைச்சுமையோடு தனியே நடந்து வருகிறவன், பிறர் உதவியின்றியே தன் சுமையை அதன்மேல் இறக்கி, இளைப்பாறி, மறுபடி ஏற்றிக்கொண்டு போகலாம். அதற்குச் சுமைதாங்கி என்று பெயர். முகம் அறியாத வழிப்போக்கனுக்காக ஒரு குடும்பம் நட்டுவைத்த கல் அது. இந்த ஒரு சொல்லை அயலாருக்கு விளக்க நேர்ந்தால், ஆங்கிலத்தில் நாமும் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கும். அவர்கள் கதைகளை நாம் கேட்டதுபோல் அவர்களும் அதைக் கேட்கட்டும்.