மெஸ் என்றொரு தமிழ்ச் சொல்

மதுரைக்குப் போகிற வெளியூர்க்காரர் நல்ல கறிச்சோறு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தால், வருகிற பதில்களில் ‘மெஸ்’ என்ற சொல் கட்டாயம் இருக்கும். அம்மா மெஸ், குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று பெயர்கள் அடுக்காக வரும். சென்னையில் திருவல்லிக்கேணிக்குக் காசி விநாயகா மெஸ், மயிலாப்பூருக்கு ராயர் மெஸ், கற்பகாம்பாள் மெஸ். சைவமோ அசைவமோ, டிபனோ சாப்பாடோ, பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் தமிழர் மனத்தில் ஒன்று பதிகிறது: இங்கே வீட்டுச் சமையல் மாதிரி இருக்கும். ஆங்கிலேயர் கொண்டுவந்த சொல்தான். ஆனால் இந்தப் பொருளை அவர்கள் கொண்டுவரவில்லை. அது இங்கே விளைந்தது.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘மிட்டெரே’ என்றால் அனுப்புதல், விடுதல். அதிலிருந்து பிறந்த ‘மிஸ்ஸுஸ்’, பிற்கால இலத்தீனில் பந்தியில் ஒரு சுற்றாகக் கொண்டுவந்து வைக்கும் உணவைக் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் ஒருவேளைக்குரிய உணவு, அவ்வளவுதான். விவிலியத்தில் ஏசா பசி தாளாமல் கூழுக்காகத் தன் மூத்த மகன் உரிமையை விற்ற கதையைச் சொல்லும் ஆங்கிலத் தொடரில் அந்தக் கூழை அளக்கும் சொல் ‘மெஸ்’தான். பிறகு உணவிலிருந்து உண்பவர்களுக்குப் பெயர் தாவியது. விருந்தில் ஒரே பாத்திரத்திலிருந்து பகிர்ந்து உண்ணும் சிறு கூட்டம், பெரும்பாலும் நால்வர், ஒரு ‘மெஸ்’ ஆனது. லண்டன் வழக்கறிஞர் கழகங்களின் விருந்துகளில் நால்வரை ஒரு மெஸ்ஸாக உட்காரவைக்கும் மரபு இன்றும் உண்டு. கப்பலிலும் பாசறையிலும் சேர்ந்து உண்ட வீரர்களுக்கும் அதே பெயர் வந்தது.

குழப்பம், அலங்கோலம் என்ற பொருள் ஏறக்குறைய கடைசியாக வந்தது. பலதையும் கலந்து விலங்குக்கு வைக்கும் தீனிக்கு அந்தப் பெயர் ஆகி, 19ஆம் நூற்றாண்டில் எந்தக் குளறுபடிக்கும் அதுவே பெயராயிற்று. தமிழருக்கு இது புதிதல்ல. கலங்குவதையும் ‘குழம்பு’ என்கிறோம், சோற்றில் ஊற்றுவதையும் ‘குழம்பு’ என்கிறோம். அந்தக் குழம்பைச் செய்வதை ‘வைப்பது’ என்கிறோம். ‘இன்னைக்கு என்ன குழம்பு வெச்சீங்க?’ என்று கேட்கிற ஊருக்கு, ‘கொண்டுவந்து வைத்தது’ என்ற வேர்ப்பொருள் கொண்ட சொல் வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனாலும் அழகான தற்செயல்.

அது வந்தபோது இங்கே உணவுக்கடைக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரப் புகார் நகரில் பிட்டு விற்ற காழியரும் அப்பம் விற்ற கூவியரும் உண்டு. ஆனால் பலகாரம் வேறு, சோறு வேறு. சோற்றைக் காசுக்கு விற்பது பாவம் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. சோறு போடத்தான் வேண்டும்; அதற்குத்தான் சத்திரங்கள். பட்டினப்பாலை காட்டும் சோற்றுச் சாலையில் வடித்த கஞ்சி தெருவில் ஆறாக ஓடியது. தஞ்சை மராட்டியர் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. ரயிலும் கச்சேரி உத்தியோகமும் மக்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோன பிறகுதான் சோறு பரவலாக விற்பனைக்கு வந்தது. அதற்குப் பழைய சொல் எதுவும் ஒட்டவில்லை. காப்பி கிளப், ஹோட்டல், மிலிட்டரி ஹோட்டல் என்று இரவல் சொற்களே பலகை ஏறின.

அந்தப் பலகைகளில் சாதியும் ஏறியது. ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் நடத்திய போராட்டம் தமிழக வரலாற்றில் பதிந்திருக்கிறது. அதற்கும் முன்பே, 1920களில், வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனிப் பந்தி போட்டதைப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். யார் சமைக்கிறார், யார் யாரோடு உட்கார்ந்து உண்கிறார் என்பதுதான் இரண்டு இடத்திலும் வழக்கு. ‘சேர்ந்து உண்பவர் கூட்டம்’ என்ற பொருளைச் சுமந்து வந்த சொல், சேர்ந்து உண்பதே சண்டையாக இருந்த மண்ணில் வேர்விட்டது. அதனாலேயே அது இங்கே பொதுவாக நிலைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பட்டாளத்துக்கு வெளியே இந்தச் சொல் தமிழ் வாழ்க்கைக்குள் நுழைந்த பெரிய வாசல் மாணவர் விடுதி. ‘டிவைடிங் சிஸ்டம்’ என்பதைத் தமிழகத்தில் விடுதியில் தங்கிப் படித்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாதச் செலவு மொத்தத்தையும் சாப்பிட்டவர்களுக்கிடையே வகுத்தால் வருவது மெஸ் பில். பழைய கூட்டாளிகளின் பங்குச் சாப்பாடு அப்படியே அதில் தொடர்ந்தது. படிப்பு முடிந்து மேன்ஷன் அறையில் குடியேறிய பிரம்மச்சாரி அதே சொல்லை வெளியே எடுத்துவந்தான். பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் முன்னறையில் நாலு பெஞ்சு போட்டு மாதக் கணக்குக்குச் சோறு போட்டது. சுவரில் தொங்கும் நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம். வேளைக்கு ஒரு கோடு. ஆம்லெட் வாங்கினால் ‘எக்ஸ்ட்ரா’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. மெஸ் என்பதன் தமிழ்ப்பொருள் அந்த நோட்டில் உருவானது. ஹோட்டலுக்கு வருபவர் வாடிக்கையாளர். மெஸ்ஸுக்கு வருபவர் கணக்கு வைத்திருப்பவர். யாருக்குக் காரம் ஆகாது, யார் ரசம் இரண்டு தடவை கேட்பார் என்று சமைப்பவருக்குத் தெரியும். வளைகுடா நாடுகளுக்குப் போன நம் தொழிலாளர்களும் இந்த ஏற்பாட்டையே அங்கே வைத்துக்கொண்டார்கள். மாதம் கட்டினால் மெஸ் சாப்பாடு பார்சலாக அறைக்கு வந்துவிடும்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். வீட்டில் கூலியில்லாமல் சமைத்த கைக்கு முதல்முறையாக விலை வைத்த இடம் மெஸ். ‘அம்மா’, ‘அக்கா’ என்று கடைக்குப் பெயர் வருவது அதனால்தான்.

இன்று மாதக் கணக்கு அருகிவிட்டது. குளிர்சாதன வசதியும் வாகன நிறுத்தமும் உள்ள மூன்று மாடி உணவகம்கூட மெஸ் என்று பெயர் வைத்துக்கொள்கிறது. பெயருக்குரிய குணம் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு. மதுரைப் பக்கத்து மெஸ்ஸில் அட்டையில் அச்சடித்த பட்டியலை எதிர்பார்க்கக் கூடாது. ஒரு பெரிய தட்டில் அன்றைக்குச் செய்த சுக்கா, குடல், ஈரல், நண்டு, வறுத்த மீன் எல்லாவற்றையும் கிண்ணம் கிண்ணமாக வைத்து இலைக்கு எதிரே நீட்டுவார்கள். ‘முதல்ல எந்தக் குழம்பு ஊத்தட்டும்ண்ணே?’ என்று கேட்டுவிட்டுத்தான் வாளிக்குள் கரண்டி போகும். அயிரை மீன் கிடைத்த நாளில் அயிரைக் குழம்பு. கிடைக்காத நாளில் இல்லை. மூன்று மணிக்குப் போனால் ‘தீர்ந்துபோச்சு’ என்பார்கள். அந்தப் பதில் நல்ல அறிகுறி. ஒருவேளைக்கு வைத்தது ஒருவேளையில் தீர்வதுதான் வீட்டுச் சமையலின் கணக்கு.

ஹோட்டலுக்கு ‘உணவகம்’ என்ற சொல் நன்றாகப் பொருந்திவிட்டது. 2013இல் சென்னையில் ஒரு ரூபாய்க்கு இட்லி தந்த அம்மா உணவகம் அந்தச் சொல்லை எளிய மக்களின் வாய்க்கும் கொண்டுபோனது. ஆனால் மெஸ்ஸை உணவகம் என்று மாற்றினால் உணவு மட்டும் மிஞ்சும். சமைப்பவருக்கும் உண்பவருக்கும் உள்ள பழக்கம் விடுபட்டுப்போகும். ஆகவே அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘மெஸ்’ என்பதை ஆங்கிலச் சொல் என்று மட்டும் குறித்து விட்டுவிடாதீர்கள். ‘வீட்டு முறையில் சமைத்து, பழகியவர்களுக்குப் போடுவதுபோல் சோறு போடும் கடை’ என்று அதன் தமிழ்ப்பொருளையும் எழுதுங்கள். அந்தப் பொருளை அதற்குச் சேர்த்தது நம் அடுப்படிகள்.