ரேடான் (வீட்டுக் காற்றில்)

நிறமும் மணமும் சுவையும் அற்ற கதிரியக்க வாயு. அணு எண் 86. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது ரேடியத்திலிருந்து பிறக்கிறது. தரை வெடிப்புகள், குழாய்கள் நுழையும் இடைவெளிகள் வழியே வீட்டுக்குள் புகுந்து, காற்றோட்டம் குறைந்த நிலவறைகளில் தேங்குகிறது. இதன் சிதைவுத் துகள்கள் மூச்சுடன் சென்று நுரையீரலில் படிந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடும். புகைபிடிப்போருக்கு ஆபத்து பன்மடங்கு.

1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லிமெரிக் அணுமின் நிலையப் பணியாளர் ஒருவரிடம் கதிரியக்கம் இருப்பதை எச்சரிக்கைக் கருவிகள் காட்டின. அது அவர் வீட்டு ரேடானிலிருந்து வந்தது எனத் தெரிந்தபின் இச்சிக்கல் பரவலான கவனம் பெற்றது.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). புலன்களுக்கு எட்டாததால் கருவி கொண்டு அளப்பது இன்றியமையாதது. தரைக்கு அடியிலுள்ள காற்றை விசிறி பொருத்திய குழாயால் உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றுவது சிறந்த தீர்வு; வெடிப்புகளை அடைப்பதும் காற்றோட்டத்தைக் கூட்டுவதும் துணைநிற்கும்.