மழை விட்டும் வடியாத தண்ணீர்: கடைமடை சம்பா வயலைக் காப்பாற்றுவது எப்படி?

வடகிழக்குப் பருவமழை வந்தாலே டிவி திரையில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில், முழங்கால் தண்ணீரில் இறங்கி அழுகிய நாற்றைப் பிடுங்கிக் காட்டும் விவசாயிகள். மழை நின்று நாலு நாள் ஆகியும் தண்ணி வடியல என்பதுதான் அவர்களின் புலம்பல்.

ஜூன் மாதத்தில் மேட்டூர் தண்ணீர் எப்போ வரும் என்று காத்திருக்கும் அதே கடைமடைதான், நவம்பரில் தண்ணீர் எப்போ போகும் என்று காத்திருக்கிறது. ஏன் இப்படி? என்ன செய்யலாம்?

நெல்லுக்குத் தண்ணீர் பிடிக்கும்தானே, பிறகு ஏன் அழுகுது?

நெற்பயிர் இலை வழியாகக் காற்றை இழுத்து வேர் வரை அனுப்பும். அதனால் அடியில் தண்ணீர் நின்றாலும் பிரச்னை இல்லை. ஆனால் இலை நுனியும் சேர்ந்து மூழ்கிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கலங்கலான தண்ணீர் என்றால் வெயிலும் உள்ளே இறங்காது. பயிர் மூச்சு விடுவதற்காக மேலே நீளும். சேர்த்து வைத்த சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துபோய், தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாய்ந்துவிடும்.

சாதாரண ரகங்கள் முழுசாக மூழ்கினால் சில நாட்கள்தான் தாங்கும். புதிதாக நட்ட இளம் நாற்றுக்கு ஆபத்து அதிகம். பூக்கும் நேரத்தில் மூழ்கினால் பதர் கூடும். அறுவடை நேரத்தில் சாய்ந்து கிடந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும். ஆக, எவ்வளவு மழை என்பதைவிட எத்தனை நாள் மூழ்கியது என்பதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

தண்ணீர் ஏன் வடிவதில்லை?

முதல் காரணம், நிலம் கிட்டத்தட்ட சமமாகக் கிடப்பது. சரிவு குறைவு என்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும்.

இரண்டாவது, கல்லணையில் பிரியும் வெண்ணாறும், அதன் கிளைகளான பாண்டவையாறு, வெள்ளையாறு, கோரையாறு போன்றவையும் மேல்பகுதியில் பாசனம் தருகின்றன. கடலை நெருங்கும்போது அவையே வடிகாலாகவும் மாறுகின்றன. மேலே பெய்த மழையும் கடைமடை வழியாகத்தான் போயாக வேண்டும்.

மூன்றாவது, கடல். புயல் நேரத்திலும் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தின்போதும் கடல் மட்டம் உயர்ந்தால் ஆற்று நீரை உள்வாங்காது. உப்புத் தண்ணீர் ஏறாமலிருக்க ரெகுலேட்டர் ஷட்டரை இறக்கினால், மழைநீரும் வெளியேற முடியாமல் நிற்கும்.

நான்காவது, ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டிய வடிகால்கள். மதகு அடியில் செடி அடைத்துக்கொண்டால் அதற்கு மேலே உள்ள வயலெல்லாம் ஏரிதான்.

மழைக்கு முன்பு என்ன செய்யணும்?

* வயலின் தாழ்ந்த மூலையில் வடிவாய் வைத்து, அது வடிகாலில் சேருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.
* நாற்றங்காலை மேட்டில் போட வேண்டும். பாடு நடவுக்காகக் கொஞ்சம் நாற்றைக் கூடுதலாக வைத்திருப்பது நல்லது.
* தாழ்ந்த வயலுக்கு சிஆர் 1009 சப் 1, சுவர்ணா சப் 1 போன்ற ரகங்கள் பொருந்தும். ஒடிசாவின் பாரம்பரிய நெல்லில் இருந்து கிடைத்த சப் 1 மரபணு, மூழ்கிய பயிர் வீணாக நீளாமல் அடக்கி வைக்கும். வளர்ச்சிப் பருவத்தில் சுமார் 2 வாரம் வரை தாங்கும். பூக்கும் பருவத்தில் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வெறும் சிஆர் 1009 வேறு, சப் 1 வேறு. விதை மூட்டை லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும்.
* கனமழை எச்சரிக்கை இருந்தால் யூரியா போடுவதைத் தள்ளிப்போட வேண்டும். போட்டால் அடித்துக்கொண்டு போய்விடும்.

மோட்டார் வைத்து இறைக்கலாமா?

ஒரு ஏக்கரில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் அது சுமார் 4 லட்சம் லிட்டர். மணிக்கு 40 ஆயிரம் லிட்டர் இறைக்கும் மோட்டாருக்கே 10 மணி நேரம் ஆகும். வடிகால் நிரம்பியிருந்தால் இறைத்த தண்ணீர் திரும்பி வரும். எனவே முதலில் வடிகாலில் மட்டம் இறங்க வேண்டும். வரப்பை வடிகால் பக்கம்தான் வெட்ட வேண்டும். பக்கத்து வயலில் திருப்பிவிட்டால் சேதம் இடம் மாறுமே தவிர குறையாது. தகராறுதான் மிஞ்சும்.

வடிந்த பிறகு?

தண்ணீர் நிற்கும்போது உரம் போடுவது வீண். வடிந்ததும் செத்த இடங்களில் கையிருப்பு நாற்றையோ, நன்றாக இருக்கும் குத்துகளில் இருந்து பிரித்த தூரையோ நடலாம்.

தூர் கட்டும் பருவத்தில் வேளாண் துறை வழக்கமாகச் சொல்லும் கலவை இது: ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு இரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும். பயிர் மஞ்சளாக இருந்தால் 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைவழியாகத் தெளிக்கலாம். பச்சை ஏறட்டும் என்று அளவுக்கு மேல் யூரியா போட்டால் இலைச் சுருட்டுப் புழுவும் பாக்டீரியா இலைக்கருகலும் கூடும்.

பயிர்ச் சேதம் 33 சதவீதத்தைத் தாண்டினால்தான் பேரிடர் நிவாரணம். எனவே தண்ணீர் நிற்கும்போதே போட்டோ எடுத்து, விஏஓவிடமும் வேளாண் உதவி அலுவலரிடமும் தகவல் சொல்லிவிட வேண்டும்.

மண்ணுக்கு என்ன ஆகும்?

கடலோர வயலில் உப்புத் தண்ணீர் ஏறியிருந்தால் நல்ல தண்ணீரைக் கட்டி, வடித்து, உப்பைக் கழுவ வேண்டும். இதற்கும் வடிகால் தேவை. உவர் மண் வேறு, களர் மண் வேறு. ஜிப்சம் களர் மண்ணுக்கான மருந்து. கோடையில் மண் பரிசோதனை செய்து, அதில் சொன்ன அளவில்தான் போட வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும்.

ஒரு வயல் மட்டும் தனியாக வடியாது

பெரிய ஆறுகளும் வாய்க்கால்களும் அரசு செலவில் தூர்வாரப்படுகின்றன. ஆனால் வயலை ஒட்டிய சி, டி பிரிவு வாய்க்கால்கள் அடைபட்டிருந்தால், பெரிய வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. ஊரே மண்வெட்டி எடுத்து இறங்கிய குடிமராமத்து வழக்கம் இந்தச் சின்ன வாய்க்கால்களைத்தான் காப்பாற்றி வந்தது.

இதில் போவது சம்பா மட்டுமல்ல. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரத்தில் தெளிக்கும் உளுந்தும் பயறும் தேங்கிய தண்ணீரில் முளைக்காது. அதுவும் போனால் அந்த ஆண்டின் இரண்டாவது வருமானமும் போச்சு. பாசன வாய்க்காலுக்குக் கொடுக்கும் கவனத்தை வடிகாலுக்கும் கொடுத்தால்தான் கடைமடையில் இரண்டு போகமும் நிற்கும். அந்த வேலைக்கான நேரம், தரை காய்ந்து கிடக்கும் கோடைக்காலம்தான்.