கைப்பிடி கேழ்வரகும் ஒகேனக்கல் தண்ணீரும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் அக்கா கேட்டாங்க. பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. ஊருக்கு வேண்டியதை ஊர்க்காரங்களே காசு போட்டு செய்யணுமா, அரசாங்கம் செய்யணுமா என்று போன மாசக் கூட்டத்துல பெரிய வாக்குவாதம் வந்தது. அதையே எழுதுகிறேன்.

எங்க ஆயா காலத்தில் இண்டூர் பக்கம் முக்கால்வாசி மானாவாரிதான். காலையில கேழ்வரகுக் கூழ், ராத்திரி களி. நெல்லுச்சோறு பண்டிகைக்குத்தான். இப்போ அதை எளிமையான வாழ்க்கைன்னு பெருமையா பேசறாங்க. ஆயாவைக் கேட்டா, வேற என்ன இருந்துச்சு திங்கறதுக்குன்னு சொல்லும்.

1956-ல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு 10 பைசா. அதில் அரசாங்கம் 6 பைசா, மீதி 4 பைசா ஊர் மக்கள். காசு இல்லாதவங்க தானியம் கொடுத்தாங்க. ஆயாவும் முறத்தில் புடைக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு கைப்பிடி கேழ்வரகு தனியா எடுத்து வைக்குமாம். மழை பொய்த்த வருஷம் அந்தப் பானையும் காலி. வீட்டில் பசி இருக்கிற வருஷம்தானே பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோறு ரொம்ப வேணும்? 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். செலவை அரசாங்கமே ஏற்றது. 2022-ல் வந்த காலை உணவுத் திட்டத்தில் பல பள்ளிகளில் சமைக்கிறது நம்மைப் போல குழுப் பெண்கள்தான்.

நம்ம குழுக்களுக்கும் இந்த மாவட்டம்தான் தாய்வீடு. 1989 செப்டம்பரில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலேயே முதலில் தருமபுரி மாவட்டத்தில்தான் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. அப்போ கிருஷ்ணகிரியும் நம்மோடதான் இருந்தது. எனக்கு அப்போ ஒரு வயசு. பின்னால எங்கம்மாவும் ஒரு குழுவுல சேர்ந்தாங்க.

நான் எட்டாவது படிக்கும்போது கடும் பஞ்சம். கிணறெல்லாம் வத்திப்போச்சு. ஊர்ல கூடிப் பேசி, தலைக்கட்டுக்கு 300 ரூபா போட்டு ஆழமா போர் போட்டாங்க. அம்மா குழுவுல கடன் வாங்கிக் கொடுத்தாங்க. தண்ணி பீச்சி அடிச்ச அன்னிக்கு பொங்கல் வச்சு, கற்பூரம் காட்டினோம். நாமளே கொண்டுவந்த தண்ணின்னு அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் தண்ணியக் குடிச்சு வளர்ந்த அக்கா பையனுக்கு முளைச்ச பல்லு பூரா பழுப்புக் கறை. அம்மாவுக்கு முட்டி மடங்கல. பிறகுதான் தண்ணியை சோதிச்சு, ஃப்ளோரைடு அதிகம்னு சொன்னாங்க. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதாம். நம்ம பாறையில இருந்தே அது தண்ணியில கரையுது. ஆழமா போகப் போக பல இடத்துல அதிகமாகுது. காய்ச்சினாலும் போகாது. கடன் வாங்கி நாங்களே அந்தத் தண்ணியை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கோம். யாரைக் குறை சொல்றது? சோதிச்சுப் பார்க்கணும்னு எங்களுக்கு அன்னிக்குத் தெரியாது.

2008-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டி, 2013-ல் திறந்தாங்க. 1,900 கோடிக்கு மேல செலவு. ஜப்பான் நாட்டுக் கடனும் அதில் உண்டு. தலைக்கட்டுக்கு 300 போட்டு இதைச் செய்ய எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்? பென்னாகரம் பஸ் ஏறினா ஒகேனக்கல் எட்டிவிடும் தூரம்தான். ஆனா அந்தக் காவிரித் தண்ணி எங்க குடத்துக்கு வர அவ்வளவு பணமும் அவ்வளவு காலமும் ஆச்சு.

இப்போ வீட்டுக்கு வீடு குழாய் போடுகிற ஜல் ஜீவன் திட்டத்திலும் ஊருக்குள் ஆகிற செலவில் 10 சதவீதம் மக்கள் பங்கு. மலை ஊர்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் இருக்கிற ஊர்களுக்கும் 5 சதவீதம். பணமாவோ பொருளாவோ உழைப்பாவோ கொடுக்கலாம். கூட்டத்தில் ஒரு அக்கா, "வரி கட்டறோம், ஓட்டுப் போடறோம், திரும்பவும் எதுக்குக் கொடுக்கணும்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். எனக்கு என்னவோ கொடுக்கலாம்னுதான் தோணுது. கொடுத்தவளுக்குக் கணக்குக் கேட்க வாய் வரும். ஆனா விதவைக்கும் டிராக்டர் வச்சிருக்கிறவருக்கும் ஒரே தொகை போடக் கூடாது. உழைப்பாக் கொடுக்கலாம்னா மண்ணு வெட்டப் போறது யாருன்னும் நமக்குத் தெரியும்.

அதே திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணி சோதிக்கப் பயிற்சி தர்றாங்க. எங்க ஊர்ல அதில் நானும் ஒருத்தி. சின்னக் குப்பியில தண்ணி ஊத்தி, மருந்து விட்டு, நிறத்தை அட்டையோட ஒப்பிட்டுப் பார்க்கணும். முதல் நாள் பழைய போர் தண்ணியை எடுத்துட்டு வந்து திண்ணையில வச்சு சோதிச்சேன். நிறம் மாறுறதை அம்மா பக்கத்துல உட்கார்ந்து பார்த்தாங்க. எதுவும் பேசல. முட்டியைத் தடவிக்கிட்டே எழுந்து உள்ளே போயிட்டாங்க.